காணி வரைபடத்தில் அலகும் அளவுத்திட்டமும்

மலையகத் தோட்டங்களின் பழைய நில அளவைப் படங்களில் நீளம் சங்கிலியிலும் (ஒரு சங்கிலி 66 அடி) பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சிலும் இருக்கும். ஆகவே ஹட்டனிலோ பண்டாரவளையிலோ 7 பேர்ச் காணிக்கு ஆட்டோகேட் என்னும் கணினி வரைபட மென்பொருளில் வீடு வரைபவர், முதற்கோட்டுக்கு முன்பே அலகைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டுக்கு மில்லிமீற்றரும் காணிக்கு மீற்றரும் பொருத்தமானவை என்பது என் கருத்து.

'யூனிட்ஸ்' கட்டளையில் அலகை மாற்றுவதால், ஏற்கெனவே வரைந்த கோடுகளின் நீளம் மாறாது. பிற கோப்புகளைச் செருகும்போது எந்த விகிதத்தில் கொண்டுவருவது என்பதையே அது மென்பொருளுக்கு உணர்த்துகிறது. எனவே சங்கிலியில் வரைந்த எல்லையை மீற்றராக்க, 'ஸ்கேல்' கட்டளையில் 20.1168 எனக் கொடுங்கள். அடியை மில்லிமீற்றராக்க 304.8. பின்னர் 'ஏரியா' கட்டளையால் சரிபார்க்கும்போது 7 பேர்ச், ஏறத்தாழ 177 சதுர மீற்றராக வர வேண்டும். கூடுதலாக வந்தால், சரிவின் மீது நாடா பிடித்து அளந்த நீளங்களைக் கிடைத்தூரமாக (சமதளத்தில் உள்ள தூரமாக) மாற்றாமல் இட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் மலைச்சரிவுகளில் இது மிகவும் கவனிக்க வேண்டியது.

படத்தை வரையும் வெளியான மாடலில் எப்போதும் உண்மை அளவிலேயே வரையுங்கள். மில்லிமீற்றர் தாளில் 1:100 படம் பெற, மில்லிமீற்றரில் வரைந்த வீட்டின் வியூபோர்ட்டுக்கு (தாளில் மாடலைக் காட்டும் சாளரம்) 'ஸூம்' கட்டளையில் 1/100எக்ஸ்பி (xp, தாளின் அலகுக்கு ஒப்பான விகிதம்), மீற்றரில் வரைந்த காணிக்கு 10எக்ஸ்பி எனக் கொடுத்து, வியூபோர்ட்டைப் பூட்டிவிட்டு, அச்சுத்தாள் பக்கமான லேஅவுட்டை 1:1 இல் அச்சிடுங்கள்.