காட்டுத் தக்காளியின் குணத்தை எங்கட தக்காளிக்குள் கொண்டுவருவது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் இலைச்சுருள் வைரஸ் பரவத் தொடங்கினால், அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்தடித்தே தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது. எதிர்ப்புச் சக்தி செடிக்குள்ளேயே இருக்கவேண்டும். என் தெரிவு இந்த வைரஸை எதிர்க்கும் டி.வை-1 (Ty-1) மரபணு, தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளியான சொலானம் சிலென்சேயிலிருந்து வந்தது. வேர்முடிச்சுப் புழுவை எதிர்க்க எம்.ஐ-1 (Mi-1) என்ற மரபணு உண்டு. ஆனால் மண் 28 பாகைக்கு மேல் சூடேறினால் அது கைவிட்டுவிடும். வன்னி வெயிலில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

காட்டுச் செடியோடு நேரே கலக்கவேண்டாம், விதைக்குள் உருவாகும் கருவைக் காப்பாற்றவே பெரும்பாடு. டி.வை-1 ஏற்கனவே ஏறிய தக்காளி வர்க்கத்தைத் தந்தையாக எடுங்கள்.

தாய்ச்செடியான எங்கட இனத்தில், மறுநாள் விரியவிருக்கும் மொட்டை மாலையில் தேடுங்கள். இதழ் வெளிர்மஞ்சளாக, இன்னும் மூடியிருக்கவேண்டும். மகரந்தக் கூம்பை நுனி கூரான இடுக்கியால் அடியில் பிடித்துக் கழற்றுங்கள். நடுவிலுள்ள சூல்தண்டு முறிந்தால் அந்தப் பூ போச்சு. காலையில் தந்தைச் செடியின் மகரந்தம் பூசி, அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள்.

வரும் கலப்புச் செடியை எங்கட இனத்தோடு மீண்டும் கலந்தால் (மீள்கலப்பு), நாற்றுகளில் பாதியில்தான் மரபணு இருக்கும். இளந்தளிரில் நகமளவு கிள்ளி, டி.என்.ஏ. எடுத்து பி.சி.ஆர். (குறித்த டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் சோதனை) செய்யுங்கள். இரு பெற்றோரின் மாதிரியையும் அதே ஜெல்லில் (டி.என்.ஏ. துண்டுகளை அளவுப்படி பட்டைகளாகப் பிரிக்கும் களி) ஓட்டாமல் பட்டைகளை வாசிக்கவே கூடாது! இரு பெற்றோரின் பட்டையும் உள்ள நாற்றை மட்டும் வையுங்கள். மரபணுவின் இருபுறக் குறிப்பான்களையும் (அடையாள டி.என்.ஏ. இடங்கள்) பார்த்து, மரபணுவோடு ஒட்டிவந்த காட்டு டி.என்.ஏ. துண்டு குறுகிய செடியைத் தெரியுங்கள்.

மூன்று மீள்கலப்பில் எங்கட இனம் சராசரி 93.75 வீதம் திரும்பும். பிறகு தன்மகரந்தச் சேர்க்கை. காட்டுப் பட்டை மட்டும் காட்டும் காற்பங்கு நாற்றுகளை, வெள்ளை ஈ மலியும் காலத்தில் பழைய இனத்துக்குப் பக்கத்திலேயே நட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.