இணையவழித் தொலைபேசி: நலிந்த கிளையிலிருந்து தொடங்குங்கள்

தலைமை அலுவலகத்தில் நடத்திக் காட்டும் டெமோவில் எந்தத் தொலைபேசியும் தெளிவாகத்தான் கேட்கும். ஆகவே, கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் இணையவழித் தொலைபேசி அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, வசதிப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பாகவே, இணைய இணைப்பு மிகவும் நலிந்திருக்கும் கிளை எது என்று கண்டறிந்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.

அந்தக் கிளையில் வேலை மும்முரமாக இருக்கும் வேளையில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் நடக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். பணியாளர்களின் எண்ணிக்கை இதற்குப் பயன்படாது. குரலை இணையத்தில் அனுப்பத்தக்க தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பரவலாகப் பயன்படும் ஜி.711 கோடெக்கில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் தேவை. குரலைச் சுமந்து செல்லும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளின் தலைப்புத் தகவலையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 87 கிலோபிட், அதுவும் இரு திசைகளிலும் தேவைப்படும். 8 அழைப்புகளுக்குச் சுமார் 700 கிலோபிட். இது பெரிய அளவன்று. ஆனாலும், யாரோ ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றத் தொடங்கியதும், குரல் பாக்கெட்டுகள் ரவுட்டரில் அந்தக் கோப்பின் பின்னால் வரிசையில் நின்றுவிடுகின்றன. பேசுபவருக்கு இது தெரியாது. எதிர்முனையில் இருப்பவர்தான் ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எனவே குரலுக்கு முன்னுரிமை தரும் க்யூஓஎஸ் வசதி ரவுட்டரில் இருந்தாக வேண்டும். கோப்பு ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டே அளந்து பாருங்கள்: ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள்ளும், ஜிட்டர் (அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிநொடிக்குள்ளும், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கத்துக் குரல் மட்டும் கேட்கவில்லையென்றால், விற்பனையாளரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அழைப்புத் தகவலை ரவுட்டரே இடையில் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். பல நேரங்களில் தொல்லை அங்கேதான் இருக்கும்.

அடுத்த கேள்வி, அழைப்புகளை இணைத்துத் தரும் இணைப்பகம் எங்கே இருக்க வேண்டும் என்பது. தலைமை அலுவலகத்துச் சர்வரில் வைத்தால், அங்கே இணையம் போகும்போது எல்லாக் கிளைகளும் வாய் மூடிவிடும். கிளவுடில், அதாவது சேவை நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், இணைப்பு அறுந்த கிளைக்கு மட்டுமே பாதிப்பு. அதற்கு வரும் அழைப்புகளையும் தானாகவே கைபேசிக்குத் திருப்பிவிடலாம். சர்வரைக் கவனிக்கத் தனி ஆள் இல்லாத நிறுவனத்துக்குக் கிளவுடே ஏற்றது என்பது என் கருத்து.

மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசியும் போய்விடும் என்பதால், ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் யூபிஎஸ் வேண்டும். கட்டணம் எக்ஸ்டென்ஷன் (உள் எண்) கணக்கிலா, ஒரே நேர அழைப்புகளின் கணக்கிலா என்று கேளுங்கள். அவசர அழைப்பு போகும்போது அந்தந்தக் கிளையின் முகவரி பதிவாகிறதா என்பதையும், தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புகளைத் தடுத்துவைக்க முடியுமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கடவுச்சொல் திருடுபோனால் ஒரே இரவில் பெரிய பில் வந்துவிடும்.

ஒப்பந்தத்துக்கு முன் அந்த நலிந்த கிளையிலேயே இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். பழைய எண்கள் புதிய சேவைக்கு மாறி, வெளியிலிருந்து அழைத்துச் சரிபார்க்கும் வரை பழைய இணைப்பை ரத்து செய்ய வேண்டாம். ரத்தான எண்ணை மீட்பது பெரும்பாடு.