பொம்மைக் கப்பல்போல் தெரிந்த ஷாட்டைச் சரிசெய்த விதம்

புயல் கடலில் ஒரு சரக்குக் கப்பல். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில், கடல் அலைகளை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையர் என்ற கருவியால் செய்த கடல், நிறுத்தி வைத்துப் பார்த்தால் பிரமாதம். ஓடவிட்டால் தொட்டித் தண்ணீரில் பொம்மைக் கப்பல். ஷேடரில் (பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) தண்ணீருக்கான ஒளிவிலகல் எண் 1.33 சரியாகவே இருந்தது. அப்புறம்தான் அலையின் வேகத்தைக் கவனித்தேன்.

ஆழ்கடலில் அலை நீள நீள, அடுத்த முகடு வர அதிக நேரமாகும். 100 மீட்டர் நீள அலைக்குச் சுமார் 8 விநாடி. எங்கள் ஷாட்டில் 3 விநாடியிலேயே வந்தது. அது 14 மீட்டர் நீள அலைக்குரிய வேகம். பார்ப்பவருக்குக் கணக்கு தெரியாது, ஆனால் கண் ஏமாறாது.

அலையின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டைம் மதிப்பு 24 பிரேமுக்கு, அதாவது ஒரு விநாடிக்கு, 1 கூடும்படி, சீரான வேகத்தில் கீஃப்ரேம் (குறிப்பிட்ட பிரேமில் மதிப்பைப் பதியும் புள்ளி) வைத்தேன். உடனே கப்பலுக்கு எடை வந்துவிட்டது!

அடுத்தது நுரை. சாப்பினஸ் என்ற மதிப்பைக் கூட்டினால் முகடு கூர்மையாகும்; மிஞ்சினால் மெஷ் (கடலின் 3டி வலைப்பரப்பு) தன்னையே வெட்டிக்கொள்ளும். அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். நுரை எங்கே வரும் என்ற தகவலைத் தரும் டேட்டா லேயரை ஷேடரில் சொரசொரப்பான வெள்ளையாகக் கலந்தேன். ஆனால் முகடு சாய்ந்ததுமே நுரை சட்டென்று மறைந்தது. நிஜக் கடலில் அது அலையின் முதுகில் கொஞ்ச நேரம் தங்கும். நுரை தங்கும் அளவைத் தீர்மானிக்கும் ஃபோம் ஃபேடை உயர்த்தி, பேக் செய்ததும் (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்ததும்) அதுவும் சரியாயிற்று.