தொழிலை மூடியதும் முதலில் எடுக்க வேண்டியது பழைய பில் கட்டு

அட்டைப்பெட்டி செய்யும் என் முதல் தொழிலை மூடி நான்கு நாள் ஆகியிருந்தது. ஏன் மூடினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன்: பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் கழுத்தை அறுத்துவிட்டார். நாலு பேரிடம் சொன்னதும் எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது. ஐந்தாம் நாள் பில் கட்டுகளையும் கைப்பேசியில் கிடந்த பழைய செய்திகளையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தவணை கேட்ட ஒவ்வொரு முறையும் நான் அனுப்பிய பதில் அதில் இருந்தது. "பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்." எண்ணினேன். 8 மாதத்தில் 11 முறை.

அதனால்தான் தொழில் நொடித்துப்போய் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்கிறேன். காரணத்தை ஊராரிடம் சொல்லத் தொடங்கும் முன் காகிதங்களைப் பாருங்கள். நினைவை நம்பாதீர்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போகும் முன், அந்தப் பயணங்களில் எது எது நடக்கக்கூடும் என்று சிலரை மதிப்பிடச் சொன்னார்கள் உளவியல் ஆய்வாளர்களான பாருக் ஃபிஷாஃபும் ரூத் பேத்தும். பயணம் முடிந்த பிறகு, முன்பு சொன்னதை நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்ததாகவே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் மனமும் இதைத்தான் செய்யும். "அப்போதே தெரியும்" என்று ஒரு நாள் சொல்லும். "யாருக்குத்தான் தெரிந்திருக்கும்" என்று மறுநாள் சொல்லும். அன்று என்ன தெரிந்தது என்பதை அன்றைய காகிதம் மட்டுமே சொல்லும்.

நீள நோட்டு ஒன்றில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, எடுத்த முடிவு, அன்று கையில் இருந்த தகவல், அன்று எதிர்பார்த்தது. பின்னால் நடந்ததைக் கடைசிப் பத்தியில் நுழைத்துவிடக் கூடாது. கை தானாக அங்கேதான் போகும். என் நோட்டில் 40 வரி சேர்ந்தது. தொழிலை மூடவைத்தவை அவற்றில் 3 வரிகள்தான். மொத்த ஆர்டரில் 70 சதவீதம் ஒருவரிடமிருந்தே வந்தபோது மகிழ்ந்துபோய் மற்றவர்களைக் கவனிக்காமல் விட்டது. அவர் பணம் தர வேண்டிய கெடுவை 30 நாளிலிருந்து 90 நாளாக்கச் சம்மதித்தது. அவரை நம்பி இரண்டாவது இயந்திரத்தைக் கடனில் வாங்கியது.

இரண்டாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லாபத்தில் ஓடும் தொழில்களே இதில் மூழ்குகின்றன. பேப்பர் மில்லுக்கு நான் 30 நாளில் பணம் கட்டியாக வேண்டும். பெட்டிக்கான பணம் எனக்கு 90 நாள் கழித்துத்தான் வரும். இடையிலுள்ள 60 நாளை நான்தான் தாங்க வேண்டும். கூலியும் மின்கட்டணமும் அதற்கு மேல். ஆர்டர் இரட்டிப்பானால் அந்தப் பள்ளமும் இரட்டிப்பாகும். கணக்கில் லாபம் இருக்கும், கல்லாவில் ஒன்றும் இருக்காது. விற்பனை ஏறிய மாதங்களில்தான் நான் அதிகம் கடன் வாங்கியிருக்கிறேன் என்பது நோட்டில் எழுதும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

நோட்டு முடிந்ததும், கூட உழைத்தவர்களிடம் பேசுங்கள். பயிற்சி முடிந்ததும் பதவி பாராமல் எல்லோரையும் உட்காரவைத்து நான்கு கேள்வி கேட்கும் முறையை அமெரிக்க ராணுவம் 1970களில் உருவாக்கியது. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை என்ன செய்வோம். யார் குற்றம் என்ற கேள்வியே அதில் கிடையாது. இயந்திரம் ஓட்டிய பெரியவரிடம் இரண்டாம் கேள்வியைக் கேட்டேன். "காகித உருளை பாதி லாரியாக வரத் தொடங்கியபோதே தெரியும் தம்பி. மூடுவதற்கு நான்கு மாதம் முன்பு. நீங்கள் கேட்கவில்லை" என்றார். கணக்காளருக்கும் எனக்கும் முன்பே, உருளையை இறக்கிவைத்த கைக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் அவர் என்னுடன்தான் இருக்கிறார். மாதம் தவறாமல் கேட்கிறேன்.

கடன் கொடுத்தவர்களை, அவர்கள் அழைக்கும் முன் நீங்களே அழையுங்கள். பாக்கி எவ்வளவு, இப்போது எவ்வளவு முடியும், மீதி எந்தத் தேதியில்: இவ்வளவுதான் பேச்சு. காப்பாற்ற முடியாத தேதியைச் சொல்லிவிடாதீர்கள். நான் 9 பேரை அழைத்தேன். இருவர் கத்தித் தீர்த்தார்கள், கேட்டுக்கொண்டேன். இரண்டாம் தொழிலுக்கு முதல் உருளையைக் கடனுக்குத் தந்தது அதே மில்தான்.

மனவலிமையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அதில் பாதி, வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தில் இருக்கிறது. பை இல்லாத வாக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்ததை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் ஓவிய ஆசிரியையான அவர் மனைவியின் சம்பளம் குடும்பத்தைத் தாங்கியதை விட்டுவிடுவார்கள். 6 மாத வீட்டுச் செலவைத் தொழில் தொட முடியாத தனிக் கணக்கில் போடுங்கள். அது சேரும்வரை வேறு வேலைக்குப் போனாலும் தவறில்லை. நான் ஒன்றரை ஆண்டு போனேன். இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். டைசனிடம் கற்க இன்னொன்றும் உண்டு: ஒரு மாதிரிக்கு ஒரு மாற்றம் மட்டும். ஒரே நேரத்தில் விலை, வாடிக்கையாளர், சரக்கு மூன்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இடிபாட்டில் என்ன மிச்சம் என்றும் தேடுங்கள். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு உருவாக்கிய கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு 2012இல் மூடப்பட்டது. அதைச் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் வைத்திருந்த கருவியிலிருந்துதான், இன்று பல அலுவலகங்கள் பயன்படுத்தும் ஸ்லாக் என்ற செய்திச் செயலி பிறந்தது. எனக்கு மிஞ்சியது, 50, 100 என்று சிறு எண்ணிக்கையில் கேட்பவர்களுக்கு அன்றே பெட்டி வெட்டித் தரும் பழக்கம். பெரிய ஆர்டருக்கு நடுவே தொல்லையாகத் தெரிந்த வேலை இன்று என் முழுத் தொழில்.

மறுபடி தொடங்கும் முன் உளவியலாளர் கேரி கிளைன் சொல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். தொழில் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சீட்டில் எழுத வேண்டும். பெரியவர், என் தம்பி, மனைவி, நான் நால்வரும் எழுதினோம். மனைவியின் சீட்டில் ஒரே வரி: "பரவாயில்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டீர்கள்." அதை பில் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டி, கீழே ஒரு விதி எழுதினேன். 45 நாள் தாண்டிய பாக்கி இருந்தால் சரக்கு போகாது.

போன மாதம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு வாடிக்கையாளரின் பாக்கி 46ஆம் நாளைத் தொட்டது. அன்றுதான் புது ஆர்டரும் அனுப்பியிருந்தார். பெட்டிகளை வெட்டிக் கட்டி வைத்துவிட்டு, பாக்கி வந்ததும் அனுப்புகிறேன் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. மூன்றாம் நாள் பணம் வந்தது, அன்று மாலையே சரக்கு போய்விட்டது.