முதல் டிரம்ஸ் செட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பிள்ளைகள் பெரும்பாலும் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில்தான் டிரம்ஸைத் தொட்டுப் பழகுகிறார்கள். வீட்டுக்கு ஒரு செட் என்றதும் பலரும் டிரம்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஐந்து போதும்: காலால் பெடல் மிதித்து அடிக்கும் 22 அங்குல பேஸ் (அறை சிறியதென்றால் 20), அடியில் கம்பிச் சரம் உள்ள 14 அங்குல ஸ்நேர், 10, 12 அங்குல டாம்கள், தரையில் நிற்கும் 14 அல்லது 16 அங்குல ஃப்ளோர் டாம். கால் எட்டாத சிறுபிள்ளைக்கு 16 அல்லது 18 அங்குல பேஸ் உள்ள சின்ன செட் வாங்குங்கள்.

மரம் பாப்லராக இருந்தாலே ஆரம்பத்துக்கு நல்லது. மேப்பிள், பிர்ச் பிறகு பார்க்கலாம். மரத்தைவிட முக்கியம், தோல் உட்காரும் விளிம்பு. கடைக்காரரிடம் ஒரு டாமின் தோலைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். விளிம்பு கீழே இருக்கும்படி அதைச் சமமான கண்ணாடி மேல் கவிழ்த்து, பக்கத்தில் உள்ள காற்றுத்துளை வழியாகவோ மறுபக்கத் தோலையும் எடுத்துவிட்டோ உள்ளே டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு கோணல். எவ்வளவு முறுக்கினாலும் சுருதி சேராது. விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த டிரம் வேண்டாம்.

திருவனந்தபுரத்திலிருந்து பழைய செட் எடுப்பவர்கள் துருவைத்தான் முதலில் தேட வேண்டும். கடற்காற்றும், தென்மேற்கு வடகிழக்கு என்று இரண்டு மழையும் சேர்ந்த ஊரில் குரோம் சீக்கிரம் புள்ளி விழும். மேல்புள்ளியைத் துடைத்துவிடலாம். தோலை இழுத்துப் பிடிக்கும் திருகை டிரம் சாவியால் தளர்த்தியபின் விரலால் சுழற்றுங்கள். நறநறவென்றால் கழற்றி மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகு மலிவு. அது ஏறும், டிரம்மின் பக்கத்தில் பொருத்திய லக்கின் உள்மரை போயிருந்தால் செட்டை விட்டுவிடுங்கள். ஸ்டாண்டுகளுக்கு இரட்டைத் தகடு கால்கள் வேண்டும். ஒற்றைத் தகடு கால் ஸ்டாண்ட் அதில் மாட்டிய கிராஷ் சிம்பலை அடித்ததும் ஆடும்.

மிச்சம் பிடிக்கும் பணத்தை சிம்பலில், அதாவது உலோகத் தட்டுகளில் போடுங்கள். டிரம்மைத் தோல் மாற்றி, முறுக்கிச் சரிசெய்துவிடலாம். சிம்பலின் நாதத்தை மாற்ற முடியாது. மலிவு செட்டோடு வரும் பித்தளைத் தட்டுகள் காதைக் குடையும். முதலில் காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான 14 அங்குல ஹை-ஹாட் மட்டுமாவது பி8 வெண்கலத்தில் வாங்குங்கள், அதாவது 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். தாளம் ஓட்டும் 20 அங்குல ரைடும் அழுத்தம் கொடுக்கும் 16 அங்குல கிராஷும் பின்னால் வரட்டும். பழைய சிம்பலென்றால் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள். தட்டுப்பட்டால் விரிசல், அது வளரும். நடுத்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஸ்டாண்ட் கம்பியில் போடும் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

இருக்கையின் உயரம் மாற்றக்கூடியதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வலிக்கும், பெடல் கால் கனக்கும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் திருகையும் விரலால் இறுக்கிவிட்டு, எதிரெதிர் திருகாகச் சாவியால் அரைச் சுற்று வீதம் ஏற்றுங்கள். ஒரே பக்கமாக ஏற்றினால் தோல் சுருங்கிக் கோணும்.