சேலத்தில் பழைய கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? விரலை நம்புங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் ஆட்டையாம்பட்டி முறுக்கும் செவ்வாய்பேட்டை தட்டுவடை செட்டும் போதும் என்பவர்களுக்கு இது பயன்படாது. 'டக்கு டக்கு' என்று சத்தம் போடும் பழைய கீபோர்டு ஒன்று மேஜையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வெளிநாட்டில் அதிகம் பேசப்படுவது ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு. 1985இல் வந்தது, சுமார் இரண்டு கிலோ எடை. சேலத்தில் அதைத் தேடி அலையாதீர்கள். நம் ஊரில் கைக்குக் கிடைப்பது டிவிஎஸ் நிறுவனத்தின் கோல்டு கீபோர்டு. பில் போடுகிற கடை, டிடிபி சென்டர், ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஜாப் டைப்பிங் கடை என எங்கும் அடி வாங்கியது அதுதான். சிறு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கேளுங்கள். (சென்னைக்காரர்கள் இங்கே வந்து 'காயலான் கடை' என்று கேட்க வேண்டாம்.) "அண்ணா, சத்தம் போடுற பழைய டிவிஎஸ் இருக்குங்களா?" என்றால் போதும். மெக்கானிக்கல் (ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் உள்ள வகை), ஸ்விட்ச் என்று ஆரம்பித்தால் விலை ஏறிவிடும்.

கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்துப் போடுவார். தூசியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், தூசி கழுவினால் போகும். கீ அமுங்கும் விதம்தான் முக்கியம். அதை ஒப்பிட வெளியிலிருந்து மாதிரி எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒவ்வொரு கீபோர்டிலும் யாரும் தொடாத கீ ஒன்று இருக்கும்: மேல் வரிசையில் வலப்பக்கமாக உள்ள ஸ்க்ரோல் லாக். அது கிட்டத்தட்ட புதுசு. முதலில் அதை மெதுவாக, பாதி வழியில் ஒரு தடை தட்டி விலகும்வரை அழுத்துங்கள். அந்த உணர்வை விரலில் வைத்துக்கொண்டு, அடி வாங்கிய கீக்குப் போங்கள். பில் கடையிலிருந்து வந்தது என்றால் வலப்பக்க எண் கீகள். டைப்பிங் கடையிலிருந்து என்றால் எழுத்துகள். எஃப் கீ மட்டும் தனியாகப் பளபளத்தால் யாரோ தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் அடித்துத் தள்ளியிருக்கக்கூடும், அதில் மெய்யெழுத்தின் புள்ளி விழுவது அந்த இடத்தில்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா, வாங்கலாம். தட்டே இல்லாமல் வழுக்கினாலோ மணலில் தேய்ப்பதுபோல் உரசினாலோ வைத்துவிடுங்கள்.

விரலை நம்பாதவர்கள் சில்லறையை நம்பலாம். ஒரே வகை நாணயங்களை ஸ்க்ரோல் லாக் மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, கீ எத்தனையாவதில் இறங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு எண் 5 மேல் அடுக்குங்கள், இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். விழாமல் அடுக்கப் பொறுமை வேண்டும். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

காதை மட்டும் நம்பாதீர்கள். தெருச் சத்தத்திலும் ஃபேன் இரைச்சலிலும் எல்லாக் கீபோர்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

அனுமதி கேட்டு ஒரு கீயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நீலக் குச்சி, அதன் உச்சியில் சிலுவை வடிவம், ஸ்விட்ச் மேல் செர்ரி என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது ஜெர்மன் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் நீல ஸ்விட்ச். சேலத்துச் செர்ரி ரோட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் இல்லாவிட்டால் வேறு யாரோ செய்த ஸ்விட்ச், விலையைக் குறைத்துக் கேளுங்கள். புது ரூபாய்க் குறி அச்சடித்திருந்தால் 2010இலோ அதற்குப் பிறகோ வந்தது, ஏனென்றால் அந்தக் குறியே அந்த ஆண்டுதான் வந்தது. 'ரொம்பப் பழசு சார்' என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழையது பலவற்றில் உருண்டை பிஎஸ்/2 பின் இருக்கும். அதை யுஎஸ்பியாக்கும் கன்வெர்ட்டரை உங்கள் நாட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். உள்ளே சிப் இருக்கும் வகையாகப் பாருங்கள், வெறும் முனை மாற்றி எல்லாவற்றுக்கும் வேலை செய்யாது. கடைக்காரரின் கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டுவதானால் அதை அணைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் பத்து முறை அடித்து எண்ணுங்கள். பதினொன்று விழுந்தால் அந்த ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. ஒன்றிரண்டு கீ என்றால் சால்டரிங் தெரிந்தவர் மாற்றித் தருவார். ஏழெட்டு என்றால் வேண்டாம்.

ஏற்காட்டுப் பக்கம் கிடைப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், ஒரு எஸ்டேட் பங்களா அறையில் கிடந்த கீபோர்டை ஆசையாய் வாங்கி வந்தேன். வெளியே கண்ணாடிபோல இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கீகள் அமுங்கினால் எழ மறுக்கின்றன என்று தெரிந்தது. மலை மூடுபனியும் ஈரமும் ஸ்பிரிங்கில் துரு ஏற்றியிருந்தன. மலையில் வாங்குவதானால் இரண்டு மூன்று கீயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சமவெளியில் கிடந்தது தூசியோடு வரும், ஆனால் ஸ்பிரிங் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

அதிர்ஷ்டத்தில் மாடல் எம் கிடைத்துவிட்டால் தூக்கி மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே கடகட என்றால் உள்பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் உடைந்து உதிர்ந்திருக்கலாம். ஒரு கீ மட்டும் தட்டாமல் மொண்ணையாக இறங்கினால் பயப்பட வேண்டாம். அந்தக் கீயின் மூடியைக் கழற்றி, ஸ்பேஸ் பார் மேலே வரும்படி கீபோர்டைச் செங்குத்தாக நிறுத்தி, மூடியைத் திரும்ப மாட்டினால் பல நேரம் ஸ்பிரிங் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

பெட்டியில் வைக்கும்போது வயரை மடித்துக் கீகள் மேல் போடாதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி நடுவில் வையுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் அதற்கு மேலே இருக்கட்டும், கீழே வேண்டாம்.