பூ நாளைச் சொல்லும், ஓடை நேரத்தைச் சொல்லும்: ஒருநாள் மலை நடைக்குத் திட்டமிடுவது எப்படி?

காலை ஏழரை மணிக்கு நாங்கள் தாண்டியபோது அந்த ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் தொடை அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பகலில் ஒரு சொட்டு மழை இல்லை. மேலே சரிவுகளில் கிடந்த பனி நாள் முழுக்க வெயிலில் உருகி, அந்த நேரத்துக்குத்தான் கீழே வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் நான்கு பேர் இக்கரையில், வீட்டுக்குப் போகும் பாதை அக்கரையில். கரையோரமாகவே மேல்நோக்கி ஒரு மணி நேரம் நடந்து, ஓடை மூன்றாகப் பிரிந்து பரவி ஓடும் ஓரிடத்தைக் கண்டுபிடித்துக் கடந்தோம். வண்டி நின்ற இடத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அன்று தாமதமானதற்குக் காரணம் பூக்கள். மேலே புல்வெளி முழுக்கப் பூத்துக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்ததில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அதைப் பார்க்கத்தானே போனோம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை முந்தைய நாளே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பனி விலகியதும், அல்லது மழை பெய்து ஓய்ந்ததும்தான் மலையில் பூ வரும். ஓடைகள் நிறைந்து ஓடுவதும் அதே காலம்தான். இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிட முடியாது. எந்த நாள் போவது என்று பூ சொல்லட்டும், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று ஓடை சொல்லட்டும். முதல்முறை மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசை இதுதான்.

1. நாளைக் குறியுங்கள்

மலையில் பூக்காலம் அடிவாரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ் 1918-இல் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்: ஏறக்குறைய 120 மீட்டர் உயரம் கூடினால் வசந்தம் 4 நாள் தள்ளிப்போகும். அப்படியென்றால் 300 மீட்டருக்குப் பத்து நாள். வட அமெரிக்காவில் பார்த்துச் சொன்ன கணக்கு என்பதால் எல்லா மலைக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் தொடங்குகிறவருக்கு நல்ல பிடி இது. அடிவாரத்தில் பூ முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மனம் தளர வேண்டாம், இன்னும் உயரமான பாதையைத் தேடுங்கள். வெயில் நேராகப் படும் சரிவு முதலில் பூக்கும், நிழல் சரிவு பின்னால் வரும்.

மழையை நம்பிப் பூக்கும் மலைகளில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே மழை எப்போது தொடங்கியது, எப்போது குறைந்தது என்பதுதான் முக்கியம். நீலக்குறிஞ்சி போன்றவை ஆண்டுக் கணக்குக்கே அடங்குவதில்லை, 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூக்கும்.

என் வழக்கம் எளிது. போக நினைக்கும் இடத்தில் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் எடுத்த படங்களைத் தேதியோடு தேடிப் பார்ப்பேன். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் யார் எந்தப் பூவை எங்கே, எந்த நாளில் பார்த்தார்கள் என்று கிடைக்கும். ஒரே நாளைக் குறித்துக்கொள்ளாமல், அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு நாளை ஒதுக்கி வைப்பேன். வானிலை சரியில்லை என்றால் மனம் கனக்காமல் தள்ளிப்போட அது உதவும்.

2. வரைபடத்தில் ஓடைகளை எண்ணுங்கள்

பாதையின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அதற்கு முன் பாதை எத்தனை இடத்தில் நீரைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். நீலக்கோடு தொடர்ச்சியாக இருந்தால் பெரும்பாலும் ஆண்டு முழுக்க ஓடும் ஓடை. விட்டுவிட்டு வரைந்திருந்தால் பருவத்தில் மட்டும் ஓடுவது. பூக்காலத்தில் அதிலும் தண்ணீர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீலக்கோடே இல்லாத இடத்தில் சமவுயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் அம்புமுனை போல மேட்டை நோக்கி வளைந்தால் அது பள்ளம், நீர் இறங்கும் வழி. இறக்கத்தை நோக்கி வளைந்தால் மலைமுதுகு. இதைப் படிக்கப் பழகிவிட்டால் பாதையில் எங்கெங்கே கால் நனையும் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு கடவைக்கும் பாலம் உண்டா, நிலைமை என்ன என்று அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதிச்சீட்டு வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

முதல் நடைக்கு என் யோசனை: போய்வர 8 முதல் 12 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டருக்குள், பாலமில்லாத ஓடை இரண்டுக்கு மேல் வேண்டாம்.

3. நேரத்தைக் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் அது. புதியவர் அதை ஒன்றரை மடங்காக்க வேண்டும்.

போய்வர 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம், வழியில் இரண்டு ஓடை என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி, ஆக 3 மணி 24 நிமிடம். ஒன்றரை மடங்காக்கினால் 5 மணி 6 நிமிடம். இரண்டு ஓடையைப் போகும்போதும் வரும்போதும் கடப்பதால் நான்கு கடவை. இடம் பார்த்து, காலுறை கழற்றி, கடந்து, கால் துடைத்துக் கிளம்ப ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம், ஆக 1 மணி. சாப்பாடு, இளைப்பாறல் 45 நிமிடம். பூக்களுக்கு 1 மணி. கேமரா பிரியர்கள் கூட வந்தால் 2 மணி. பூவுக்கு ஒரு மணி என்றே வைத்தாலும் மொத்தம் 7 மணி 51 நிமிடம் வருகிறது. மூன்றரை மணி நேர நடை என்று நினைத்தது எட்டு மணி நேரமாகிவிட்டது.

காலை 6 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 2 மணிக்கு முன்பே இறங்கிவிடலாம். 9 மணிக்குக் கிளம்பினால் 5 மணி ஆகும். பனி உருகி ஓடும் ஓடையில் தண்ணீர் அதிகாலையில்தான் மிகக் குறைவு, பிற்பகல் போய் மாலையில் உச்சத்துக்கு வரும். மழையால் ஓடும் ஓடைக்கு இந்த அன்றாட ஒழுங்கு கிடையாது. ஆனால் வெப்ப காலத்தில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். அதனால் எந்த வகை ஓடையானாலும் விடிந்ததும் கிளம்புவதுதான் நல்லது.

இந்தக் கணக்கிலிருந்து திரும்பும் நேரத்தையும் எடுத்துவிடுங்கள். 6 மணிக்குக் கிளம்பினால் மேலே சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம், பூக்களோடு ஒரு மணி நேரம். 11:15-க்குத் திரும்ப நடக்கத் தொடங்கினால் கடைசி ஓடையை 1:30 வாக்கில் கடந்துவிடலாம். அந்த 11:15-ஐத் தாளில் எழுதி, கைப்பேசியில் அலாரமும் வையுங்கள். உச்சி இன்னும் அரை கிலோமீட்டர்தான் என்று யார் சொன்னாலும் அலாரம் அடித்ததும் திரும்பியாக வேண்டும். மலையில் இதைவிடக் கடினமான ஒழுக்கம் வேறில்லை.

4. முந்தைய நாள்

வானிலை அறிக்கையை அடிவார ஊருக்குப் பார்க்காதீர்கள், நீங்கள் ஏறப்போகும் உயரத்துக்குப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும், காற்றும் கூடும். முந்தைய இரண்டு நாள் பெரிய மழை பெய்திருந்தால், அன்று வானம் வெளுத்திருந்தாலும் ஓடைப் பாதையைத் தவிர்க்கலாம்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் உதவிக்குச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த மணியைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள்.

பையில் தண்ணீர் (மணிக்கு அரை லிட்டர் கணக்கு), சாப்பாடு, மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, முதலுதவிப் பொருட்கள், காகித வரைபடம், விசில். பகல் நடைதானே என்று தலைவிளக்கை விட்டுவிடாதீர்கள். மாற்றுக் காலுறையையும் கைப்பேசியையும் நீர் புகாத பையில் கட்டுங்கள். பருத்தி ஆடை நனைந்தால் எளிதில் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். விரைவில் காயும் செயற்கை இழை அல்லது கம்பளி அணியுங்கள். ஊன்றுகோல் ஒன்றாவது வேண்டும், ஓடையில் அதுதான் மூன்றாவது கால்.

5. ஓடையைக் கடத்தல்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஆழத்தைவிட வேகம் ஆபத்தானது. நீரின் வேகம் இரட்டித்தால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு குச்சியைத் தண்ணீரில் எறிந்து, கரையில் கூடவே நடந்து பாருங்கள். உங்கள் நடையை மிஞ்சிக் குச்சி ஓடினால் அங்கே இறங்க வேண்டாம். வேகமான நீர் முழங்காலைத் தாண்டினாலும் வேண்டாம். நீர் கலங்கி வருகிறதா, சருகும் சுள்ளியும் அடித்து வருகிறதா, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது, காட்டாறு வருகிறது என்று பொருள். உடனே கரை ஏறி உயரத்துக்குப் போய்விடுங்கள்.

பாதை நீரைத் தொடும் இடமே கடக்க நல்ல இடம் என்று நினைக்க வேண்டாம். மேலும் கீழும் நடந்து பாருங்கள். ஓடை அகன்று, பரவி, கிளை பிரியும் இடம் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. குறுகிய இடம் தாண்டச் சுலபம் போலத் தோன்றும், அங்கேதான் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். வளைவுகளின் வெளிப்பக்கக் கரை அரித்து ஆழமாகியிருக்கும். கீழ்ப்பக்கம் அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தவறி விழுந்தவரை மரக்கிளைகளுக்குள் நீர் இழுத்துச் செருகிவிடும்.

காலணியோடுதான் இறங்க வேண்டும். வெறுங்காலில் கல் குத்தும், வழுக்கும். காலுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் காலணியை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, சற்றே கீழ்நோக்கிய சாய்வில் பக்கவாட்டாக நகருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள், காலோ கோலோ. ஓடும் நீரையே பார்த்தால் தலை சுற்றும், அக்கரையில் ஒரு பாறையைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். பாசி படிந்த கல்லுக்குக் கல் தாவுவதைவிட, இறங்கி நனைந்து நடப்பது பத்திரமானது. கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு கடக்க வேண்டாம். விழுந்தால் கயிறே உங்களை நீருக்கடியில் பிடித்து வைத்துவிடும்.

நீர் இழுத்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீர் போகும் பக்கம் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி மிதந்தபடி கரையை நோக்கி ஒதுங்குங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். கடக்க முடியாத ஓடை முன் நிற்க நேர்ந்தால் காத்திருப்பதும் ஒரு வழிதான். பனி ஓடை மறுநாள் காலையில் வடியும். பையில் கம்பளிச் சட்டையும் தலைவிளக்கும் இருக்கட்டும் என்றது இதற்காகவும்தான். உதவி வேண்டுமென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள்.

6. பூக்களின் நடுவே

உயரமான புல்வெளிகளில் செடிக்குக் கிடைக்கும் வளர்காலம் சில வாரங்கள்தான். அதற்குள் தழைத்து, பூத்து, விதை போட்டாக வேண்டும். ஒருவர் பாதை விலகி நடந்தால் அடுத்தவர் அதே தடத்தில் நடப்பார், அந்த வடு ஆறப் பல ஆண்டுகள் ஆகும். பாதையில் சேறு இருந்தாலும் சேற்றிலேயே நடந்துவிடுங்கள். ஒதுங்கி ஒதுங்கி நடந்துதான் பாதை அகலமாகிப் பூவெளி சுருங்குகிறது. படமெடுக்கப் பாதையில் மண்டியிட்டாலே போதும், பூ கண்ணுக்கு நேரே வரும். உட்காருவதற்குப் பாறை இருக்கிறது. பறிக்காதீர்கள், ஒரு பூவைப் பறித்தால் அதன் விதைகளும் போயின. அரிய ஆர்க்கிட் கண்ணில் பட்டால் படத்தைப் பகிருங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். தோண்டி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கழிப்பிடத் தேவைக்கு ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். ஓடை நீரைக் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்க வேண்டாம். எவ்வளவு தெளிவாக ஓடினாலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் அதில் இருக்கலாம்.

7. இறங்கிய பின்

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். பிறகு ஈரக் காலணியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே ஒரு நோட்டில் குறியுங்கள்: எந்த ஓடையை எத்தனை மணிக்குக் கடந்தோம், தண்ணீர் உடம்பில் எதுவரை வந்தது, எந்த உயரத்தில் எந்தப் பூ, அது மொட்டா, மலர்ந்ததா, உதிர்கிறதா. என் நோட்டில் அந்த ஓடைக்கு இப்போது பதினோரு வரிகள் இருக்கின்றன. அடுத்த முறை கிளம்பும் நேரத்தை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.